மூன்றே நாள் அம்மை

(சிவகாசி அருகே நாரணாபுரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வாரத்தில் ஆறு நாள் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். மிச்சம் ஒரே ஒரு நாள். துணி துவைக்க, ரேஷனுக்குப் போக, மாவாட்ட, பிள்ளை தலையில் பேன் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான். அதிலும் ஒரு பங்கை எனக்குத் தந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நான் பேச வந்தது அம்மையைப் பற்றி. எல்லா அம்மையையும் பற்றி அல்ல. யாருமே பயப்படாத ஓர் அம்மையைப் பற்றி.

அம்மை பார்க்காத வீடு இந்தப் பகுதியில் உண்டா? பாட்டி காலத்தில் பெரியம்மை. அது 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நம் காலத்தில் சின்னம்மை உண்டு, மணல்வாரி உண்டு, கன்னம் இரண்டும் வீங்கும் பொன்னுக்குவீங்கி உண்டு. ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவோம். தாளிப்பு நிறுத்துவோம். வெளியாள் உள்ளே வரமாட்டார், உள்ளாள் வெளியே போகமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை தெருவில் கால் வைக்கும். அப்புறம் ஒரு நாள் சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடிக்குப் போய் வருவோம்.

இதையெல்லாம் கேலி செய்யும் டாக்டர்கள் உண்டு. நானும் டாக்டர்தான், ஆனால் அந்தக் கட்சி இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுங்கள், மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்வேன். ஆனால் நோயாளியைத் தனியாக வைக்கும் அந்த வழக்கம் இருக்கிறதே, அதைவிட நல்ல யோசனை என் கையிலும் இல்லை. என் வருத்தம் வேறு. எந்த அம்மைக்கு வேப்பிலை கட்டாமல் விடுகிறோமோ, அந்த அம்மைதான் வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்கிறது.

அது எப்படி வரும்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையன் முகத்தில் இளஞ்சிவப்பாகத் தடித்திருக்கும். சாயங்காலத்துக்குள் நெஞ்சுக்கும் முதுகுக்கும் இறங்கும். காய்ச்சல் இருக்கும், ஆனால் பெரிதாக இருக்காது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டியிருக்கும். மூன்றாம் நாள் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பையன் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பான். "சூட்டுத் தடிப்பு", "வேர்க்குரு", "என்னமோ பூச்சி கடிச்சிருக்கு". இப்படித்தானே சொல்வோம்? நூறு பேருக்கு வந்தால் இருபத்தைந்து முதல் ஐம்பது பேருக்கு அந்தத் தடிப்புகூட வெளியே தெரியாது.

இதன் பெயர் ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். ஜெர்மன் என்றதும் எங்கோ இருக்கும் நோய் என்று நினைக்காதீர்கள். 1866இல் இதற்கு ரூபெல்லா என்று பெயர் சொன்ன ஹென்றி வீல் என்ற ராணுவ மருத்துவர், நம் இந்தியாவில் ஓர் ஆண்கள் பள்ளியில் பரவியதைப் பார்த்துத்தான் எழுதினார். அன்றும் பள்ளிக்கூடம், இன்றும் பள்ளிக்கூடம்.

இது குழந்தைக்கு மூன்று நாள் நோய். பெரிய பெண்களுக்கு வந்தால் கூடவே விரல் மூட்டு, முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான். அப்படியானால் இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டுப் பேசுவானேன்?

அதற்கு 1941ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம். நார்மன் கிரெக் என்று ஒரு கண் டாக்டர். அந்த ஆண்டில் அவரிடம் பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். கண்புரை என்றால் நம் தாத்தா பாட்டிக்கு வருவது. பால் குடிக்கும் பிள்ளைக்கு ஏன் வர வேண்டும்? அதுவும் ஒரே சமயத்தில் இத்தனை பேருக்கு? பிள்ளைகள் எல்லாம் எடை குறைந்து நோஞ்சானாக இருந்தன. பலருக்கு இருதயத்திலும் கோளாறு. குடும்ப நோய் என்று சொல்லிவிடலாம் என்றால், எல்லாரும் வேறு வேறு குடும்பம்.

அவருடைய அறைக்கு வெளியே காத்திருந்த தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். காத்திருக்கும் இடத்தில் நாம் என்ன பேசுவோம்? "உனக்கு எத்தனாவது மாசத்துல என்ன செஞ்சுச்சு? எனக்கு இப்படி இருந்துச்சு." அதேதான். எனக்கு மாசமாக இருந்த தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்தது என்றாள் ஒருத்தி. எனக்கும்தான் என்றாள் இன்னொருத்தி. அது டாக்டர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். அவர் உடனே ஒவ்வொரு தாயிடமும் விசாரிக்க ஆரம்பித்தார். மற்ற கண் டாக்டர்களுக்கும் எழுதிக் கேட்டார். 78 குழந்தைகளின் கணக்கு கிடைத்தது. அதில் 68 தாய்மார் கர்ப்ப காலத்தில் அந்த அம்மை வந்தது என்று சொன்னார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள். முந்தைய ஆண்டு, 1940இல், போருக்காக ராணுவ முகாம்கள் நிரம்பியிருந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிதாகப் பரவியிருந்தது. கணக்கு சரியாகப் பொருந்தியது.

உலகம் உடனே நம்பியதா? நம்பவில்லை. லண்டனில் பெரிய மருத்துவ இதழிலேயே சந்தேகம் எழுப்பினார்கள். தாய்மார்கள் சொன்னதை வைத்து ஒரு முடிவா என்ற இளக்காரம் அதில் இருந்தது என்று எனக்குத் தோன்றும். ஆனால் பிறகு ஆலிவர் லங்காஸ்டர் என்ற கணித அறிஞர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். காது கேளாதவர்கள் எந்தெந்த ஆண்டில் பிறந்தார்கள் என்று எண்ணினார். 1899ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் காது கேளாதவர் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்திருந்தது. அந்த ஆண்டில் அங்கே ரூபெல்லா பரவியிருந்தது. கிரெக் சொன்னதற்கு நாற்பது ஆண்டு முன்பே நடந்து, யாரும் கண்டுகொள்ளாமல் போன கதை அது. காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் சொன்னதுதான் சரி.

தாய்க்கு மூன்று நாளில் போய்விடும் நோய் பிள்ளையை ஏன் இப்படிச் செய்கிறது? கரு உண்டான முதல் மூன்று மாதத்தில்தான் பிள்ளையின் கண், காது, இருதயம், மூளை எல்லாம் உருவாகின்றன. அந்த நேரத்தில் ரூபெல்லா கிருமி தாயின் ரத்தத்தில் ஓடினால், நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்விடும். போய், வளர்கிற செல்லின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தாய்க்கு வந்தால், பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்குப் பாதிப்பு வர வாய்ப்பு உண்டு. சில கரு கலைந்துவிடும், சில பிள்ளை இறந்தே பிறக்கும். நான்காம் மாதத்தில் வந்தால் காது மட்டும் கேட்காமல் போகலாம். இருபது வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து மிக மிகக் குறைவு.

இங்கேதான் சிக்கல். அந்தப் பன்னிரண்டு வாரத்தில் முதல் எட்டு வாரம் என்றால் எப்போது? பலருக்கு நாள் தள்ளிப்போயிருப்பதே தெரியாத நேரம். தெரிந்தாலும் மாமியாரிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். செவிலியரிடம் பதிந்திருக்க மாட்டார்கள். ஸ்கேன் எடுத்திருக்க மாட்டார்கள். தாய் கர்ப்பிணி அட்டை வாங்கும்போது அந்தக் காலம் முக்கால்வாசி ஓடிப்போயிருக்கும்.

என்னிடம் வந்த ஒரு தாயைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். இரண்டு மாதக் குழந்தை. கூட மாமியார், கணவர். "பிள்ள மொகத்தப் பாக்க மாட்டேங்குது டாக்டரம்மா, சன்னல் வெளிச்சத்தத்தான் பாக்குது" என்றாள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பாகத் தெரிய வேண்டிய கண்மணி நடுவில் மோர்த்துளி மாதிரி வெள்ளை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடவில்லை. பின்னால் நின்று கை தட்டினேன், பிள்ளை திரும்பவில்லை.

மாமியார் சொன்னார், கிரகணத்தன்று காய் நறுக்கினாள், சொன்னால் கேட்கவில்லை என்று. கணவர், "சொந்தத்துல கட்டுனதால இருக்குமோ?" என்று கேட்டார். தாய் ஒன்றும் பேசவில்லை. நான் அவளிடம்தான் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்: "மூத்தவனுக்கு லேசாத் தடிச்சுச்சு. அவன் வகுப்புல நெறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஒரு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு எனக்கும் கழுத்துல நெறி கட்டுச்சு, கை மூட்டெல்லாம் வலி. ஒரு நாள்கூட லீவு போடல. நான் மாசமா இருந்ததே அப்போ எனக்குத் தெரியாது."

கிரகணம் கண்ணைக் கெடுக்கவில்லை. காய் நறுக்கியது காதைக் கெடுக்கவில்லை. அத்தை மகனைக் கட்டியதாலும் சில பிறவிக் கண்புரை வரும். அது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைக்கு வந்தது அதனால் இல்லை. ஊரில் பிள்ளை குறையோடு பிறந்தால் முதலில் யாரைப் பிடிக்கிறோம்? பெற்றவளைத்தான். சாபம் என்கிறோம், ராசி என்கிறோம், அவள் சாப்பிட்டதை, நடந்ததை, படுத்ததை எல்லாம் குற்றமாக்குகிறோம். ஒரு கிருமி செய்த வேலைக்கு ஒரு பெண் ஆயுள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டுமா? மாமியார்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்று எண்ண வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உங்களுக்குத் தெரியும். அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி 1976இல் தொடங்கியது. இந்த ஊரில் கண் ஆபரேஷனுக்கு அங்கே போகாத குடும்பம் குறைவு. அங்கே 1990களில் கண்புரையோடு வந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். காயத்தால் வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு சுமார் பதினைந்து பேருக்குக் காரணம் தாய்க்கு வந்த ரூபெல்லா. நம் தென்மாவட்டக் குழந்தைகள் அவர்கள். அந்த மருத்துவமனையின் குழந்தைக் கண் மருத்துவர் டாக்டர் விஜயலட்சுமி அதோடு நிற்கவில்லை. தங்கள் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பத்தில் ஒருவருக்கும் மேல் ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. நாள் முழுக்க நோயுள்ள குழந்தைகளைத் தூக்கும் பெண்கள்! அதில் ஆபத்து உண்டு. ஏனென்றால், இப்படிப் பிறந்த குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஒரு வருடம் வரைகூடக் கிருமி வெளியேறும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பெண்களுக்கு அங்கேயே ஊசி போட்டார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளிவந்தது. கண் மருத்துவமனை தன் வீட்டுப் பெண்களுக்குச் செய்ததை நாம் நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்தோமா?

இப்போது நம் ஊர் வேனுக்கு வாருங்கள்.

பட்டாசு ஆபீசில் மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் முதலிபட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை மறந்தவர் இங்கே யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்த அறைக்கு உங்களைக் கொண்டுபோகும் வேனில் எத்தனை பேர்? மடியில் தூக்குச்சட்டி, மடிக்கு மேல் இன்னொருத்தி. சன்னல் பாதி மூடியிருக்கும். ஒருவர் இருமினால் அத்தனை பேருக்கும் சொந்தம். ரூபெல்லா இருமலிலும் தும்மலிலும்தான் பரவும். தடிப்பு வருவதற்கு ஏழு நாள் முன்னாலிருந்தே பரவும். வந்த பிறகும் ஏழு நாள் பரவும். ஆக, வேனில் பக்கத்தில் உட்கார்ந்த மதினிக்கே தனக்கு நோய் என்று தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தில் இப்படி ஒட்டிக்கொண்ட நோய்க்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜீன் டியர்னி என்று ஒரு சினிமா நடிகை. 1943இல் முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். போர்க்காலம் என்பதால் ராணுவ வீரர்களை உற்சாகப்படுத்த ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். சில நாளில் ஜெர்மன் தட்டம்மை வந்தது. அந்த அக்டோபரில் பிறந்த மகள் டாரியாவுக்குக் காது கேட்கவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை, மூளை வளர்ச்சியும் குன்றியிருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு ரசிகை அவரிடம் வந்து பூரிப்போடு சொன்னாள்: அன்றைக்கு எனக்கு ஜெர்மன் தட்டம்மை, முகாமில் தனியாக வைத்திருந்தார்கள், ஆனாலும் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தப்பித்து வந்துவிட்டேன். நடிகை ஒரு வார்த்தை பேசவில்லை; திரும்பி நடந்துவிட்டார். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்த ரசிகை கெட்டவளா? இல்லை. தடிப்பு லேசாக இருந்தது, ஆசை பெரிதாக இருந்தது. அவ்வளவுதான்.

சரி, இதற்கு மருந்து என்ன? வந்த பிறகு மருந்து இல்லை. வயிற்றுப் பிள்ளைக்குள் போன கிருமியை வெளியே எடுக்க இன்றுவரை வழி இல்லை. பிறந்த பிறகு செய்யக் கூடியவை உண்டு. புரையை முதல் சில வாரங்களிலேயே எடுத்துக் கண்ணாடி போட்டால் ஓரளவு பார்வை வரும். பேரன் நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளினால் மூளை பார்க்கப் பழகாமலே போய்விடும். காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. இருதயக் குழாயை அடைக்கலாம். ஆனால் ஒரு தினக்கூலிக் குடும்பம் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்து இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் அந்தத் தாய் எத்தனை நாள் கூலியை இழப்பாள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

வராமல் தடுக்க மட்டும் நல்ல வழி இருக்கிறது. தடுப்பூசி. 1964, 65இல் அமெரிக்காவில் ரூபெல்லா ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பேரைப் பிடித்தது. இருபதாயிரம் குழந்தைகள் குறையோடு பிறந்தன. அதைக் கண்ணால் பார்த்தவர் ஸ்டான்லி பிளாட்கின் என்ற மருத்துவர். அவர் உருவாக்கிய ஊசிதான் இன்றும் உலகத்தில் பெரும்பாலும் போடப்படுகிறது. 2015இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லா ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பக்கத்து இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இலேயே ரூபெல்லா ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். 2018இல் நோயைக் கட்டுப்படுத்திய நாடு என்று சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். கடல் தாண்டினால் கைக்கெட்டும் தூரம். நாம் எப்போது தொடங்கினோம்? 2017 பிப்ரவரியில்.

அந்த மாதம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி போட்டார்கள். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். அப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. மலட்டு ஊசி என்றார்கள். வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் சோதிக்கிறான் என்றார்கள். பள்ளிக்கு லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் எத்தனை பேர்! பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. அந்த ஊசி எங்கே தயாரானது? புனேயில், சீரம் இன்ஸ்டிட்யூட்டில். சோதனை என்றார்களே, உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் போட்டு முடித்த ஊசி அது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் ஊசி என்று பரப்பினார்கள். பிறக்கப் போகும் பிள்ளையைக் காக்கவே போட்ட ஊசி. இதைவிடத் தலைகீழான ஒரு புரளியை நான் கேட்டதில்லை.

ஆனால் புரளி பரப்பியவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? முன்கூட்டியே தாய்மார்களை உட்கார வைத்து, இன்ன நோய், இன்ன காரணம் என்று யார் விளக்கினார்கள்? ஒரு துண்டுச்சீட்டைப் பள்ளியில் கொடுத்து அனுப்பினால் போதும் என்று நினைத்தோம். சிவகாசியில் நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிறோம். நம் தெருவுக்குப் புரிகிற மாதிரி ஒரு நல்ல நோட்டீஸ் அடிக்க முடியாதா?

இன்னொரு விஷயம், கவனமாகக் கேளுங்கள். பாதி ஊருக்கு ஊசி போட்டுப் பாதி ஊரை விட்டால் என்ன ஆகும்? நன்மை பாதியாகக் கிடைக்கும் என்று நினைப்போம். ரூபெல்லாவில் அப்படி இல்லை. கிரீஸ் நாட்டில் 1975இல் ஊசி வந்தது. ஆனால் முழுமையாகப் போடவில்லை. ஓரளவு போட்டதால் பிள்ளைகளிடம் நோய் குறைந்தது. முன்பெல்லாம் சிறுவயதிலேயே ரூபெல்லா வந்து, அதனாலேயே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் பெண்கள், இப்போது நோயும் வராமல் ஊசியும் போடாமல் வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள். 1993இல் நோய் மறுபடி பரவியபோது பிடித்தது அவர்களைத்தான். 25 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்தன. அரைகுறையாகப் போடும் ஊசி, நோயைப் பிள்ளையிடமிருந்து தாயிடம் தள்ளிவிடும். அதனால்தான் ஒன்பது மாதம் முடிந்து ஓர் ஊசி, பதினாறிலிருந்து இருபத்து நாலு மாதத்துக்குள் இன்னோர் ஊசி என்று கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் வீட்டுப் படியேறி நச்சரிக்கிறார். பையனுக்கு எதற்கு, அவனா பிள்ளை பெறப் போகிறான் என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். அவன்தானே தாத்தா வீட்டுக்குக் கொண்டு வருகிறான்! மூத்தவனுக்குப் போடும் ஊசி அவன் அம்மா வயிற்றில் இருக்கும் தங்கச்சிக்கும் காவல். எதிர்வீட்டு அத்தைக்கும் காவல்.

நம் ஊரில் அந்தக் கிரீஸ் பெண்கள் யார்? கணக்குப் போடுங்கள். 2017 பிப்ரவரியில் பதினைந்து வயது நிரம்பியவர்களுக்கு அந்த முகாமில் ஊசி இல்லை. அதாவது 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்த பெண்கள். இன்று கல்யாணமாகி, முதல் பிள்ளையோ இரண்டாவது பிள்ளையோ பெறும் வயதில் இருப்பவர்கள். இந்த மண்டபத்தில் பாதிப் பேர். உங்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே நோய் வந்து போயிருக்கும். உங்களுக்கு இனி பயமில்லை. வராதவர் யார்? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனையில் சொல்லலாம். இங்கே ஒரு வார்த்தை. டார்ச் (TORCH) டெஸ்ட் என்ற ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அழுதபடி வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரூபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று போட்டிருக்கும். வீட்டில் எல்லாரும் பிள்ளைக்குக் கெடுதல் வந்துவிட்டது என்று முடிவே கட்டியிருப்பார்கள். தாயி, அது பெரும்பாலும் நல்ல செய்தி! பழைய எதிர்ப்புச் சக்தி உன் உடம்பில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். புதிதாக வந்திருப்பதைக் காட்டுவது ஐ.ஜி.எம். என்ற இன்னொன்று, அதையும் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள் யாரோ சொன்னார் என்று கருவைக் கலைக்க ஓடாதீர்கள். மாசமாக இருக்கும்போது தடிப்போ, தடிப்புள்ள பிள்ளையோடு பழக்கமோ ஏற்பட்டால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ போய், "நான் இத்தனை வாரம், இப்படித் தடிப்பு பார்த்தேன்" என்று சொல்லுங்கள். உள்ளே நுழையுமுன் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே காத்திருப்பவர்களும் கர்ப்பிணிகள்தானே.

ரூபெல்லா மட்டும் அல்ல, சின்னம்மையும் கர்ப்பிணிக்கு ஆகாது. தாயின் நுரையீரலைப் பிடிக்கும், பேறுகாலத்தை ஒட்டி வந்தால் பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. கன்னம் இரண்டும் அறை வாங்கியதுபோலச் சிவக்கும் பார்வோ வைரஸ் தடிப்பு இன்னொன்று. அது வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தசோகை உண்டாக்கலாம், அதற்கு ஊசியும் இல்லை. ஆகையால் என்ன தடிப்பு என்று நீங்களே பெயர் வைக்க வேண்டாம். தடிப்பு என்றால் தடிப்பு. பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போகாது, மாசமான சித்தி இந்த வீட்டுக்கு வரமாட்டாள். லேசான தடிப்புக்கும் வேப்பிலை கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கடைசியாக, கல்யாணம். ரூபெல்லா ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் எப்போது போடுவது? தாலி ஏறுவதற்கு முன். பெண்ணுக்குப் பவுன் எத்தனை, பாத்திரம் எத்தனை, பைக் உண்டா என்று மூன்று மாதம் பேசுகிறோம். இந்த ஊசி போட்டாயிற்றா என்று ஒரு வீட்டிலாவது கேட்டோமா? பிள்ளை பெற்ற கையோடும் போடலாம். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு இந்த ஊசி அரசில் இலவசம்; புதன்கிழமை தடுப்பூசி நாளில் அட்டையோடு போனால் போதும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். ஊசியைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். சில நூறு ரூபாய். இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் அது ஒரு வாரக் கறிச்செலவு.

ஆகையால், இங்கே வந்திருக்கும் ஆபீஸ் முதலாளிமார்களே, மேனேஜர் அண்ணாச்சிகளே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். தீபாவளிக்குப் போனஸ் கொடுக்கிறீர்கள், புடவை கொடுக்கிறீர்கள், ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறீர்கள். இந்த ஆண்டு உங்கள் ஆபீசில் சரம் பின்னும், பெட்டி ஒட்டும், லேபிள் ஒட்டும் இளம்பெண்களுக்கு இந்த ஓர் ஊசியையும் சேர்த்துக் கொடுங்கள். தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டியிருக்கும் வாரங்களில் போட்டுவிடலாம். வேலை கெடாது, கூலி கெடாது. கல்யாணப் பெண்களுக்குத் தை பிறக்குமுன் ஒரு மாதம் தாண்டிவிடும். ஒரு டாக்டரையும் ஒரு நர்சையும் ஆபீஸ் வாசலுக்கே அழைத்து வருவது என் பொறுப்பு. பெயர்ப் பட்டியல் மட்டும் நீங்கள் கொடுங்கள்.